பட்டுப்புழுவின் சுரப்பியில் ஜீன் தொழிற்படும் விதம்

காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதி ஆற்றையொட்டியுள்ள திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சி என்னும் பெயராலும் திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களாலும் பிரசித்தி பெற்ற ஊராகும். ஊரின் பெயரில் பருத்தி இருக்கிறது; அதைச் சூழ்ந்த வட்டாரத்துத் தறிகளிலோ பட்டு ஓடுகிறது. இரண்டும் நூல் என்று ஒரே பெயரால் வழங்கப்படினும் அவற்றின் பிறப்பு வேறு. பருத்தி இழையைத் தீயில் காட்டினால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பட்டிழையைக் காட்டினால் மயிர் கருகும் நாற்றம் எழும். அசல் பட்டை அறிய நெசவாளர் கையாளும் இச்சோதனையின் காரணம் எளிது. பருத்தி செல்லுலோஸ் என்னும் பொருளாலாயது. பட்டு, மயிரையும் நகத்தையும் போலப் புரதத்தாலாயது. செல்லுலோஸை உண்டாக்கச் செடியின் ஜீன்கள் மறைமுகமாகவே உதவுகின்றன. புரதமோ ஜீனின் நேர் விளைவு. ஆகையால் ஜீன் என்பது எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைக் கண்கூடாகக் காட்டுவதற்குப் பட்டைவிடச் சிறந்த பொருள் நம் பக்கத்தில் இல்லை.

இது கற்றோர்க்கு மட்டும் உரிய விஷயம் என்று வாசகர்கள் எண்ண வேண்டுவதில்லை. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்போருக்கு நேரக்கூடிய நஷ்டங்களுள் ஒன்று மிக விசித்திரமானது. நல்ல முட்டைத்தொகுதி வாங்கி, வேளை தவறாது தழையிட்டு, நோயொன்றும் இன்றிப் புழுக்கள் கொழுத்து வளர்ந்திருக்கும். கூடு கட்ட வேண்டிய நாள் வந்தும் அவை கட்டமாட்டா. தட்டில் தின்றுகொண்டேயிருந்து, பின்னர் சோர்ந்து மடியும். வளர்த்தவர் முட்டை விற்றவரைக் குறை கூறுவார். விற்றவர் தழையைக் குறை கூறுவார். வழக்கு கிராம அதிகாரியிடம் வரும். இருவரும் குற்றமற்றவராய் இருக்கக்கூடும் என்பதை விளங்கிக்கொள்ள, புழுவின் உடலில் பட்டு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலிலிருந்து பார்ப்பது அவசியமாகிறது.

ஜீனும் அதன் நகலும்

எல்லா உயிர்களையும் போலப் பட்டுப்புழுவின் உடலும் உயிரணுக்களால் ஆயது. செல் என்று பள்ளி நூல்களில் வழங்குவது இதுவே. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் உட்கரு உண்டு. அதனுள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் 28 ஜோடி குரோமோசோம்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட நீண்ட ஏடு என்று டி.என்.ஏ.யைக் கருதலாம். பட்டுப்புழுவின் ஏட்டில் ஏறக்குறைய 46 கோடி எழுத்துகள் உள்ளன. இவ்வேட்டில் ஒரு புரதத்தைச் செய்வதற்குரிய குறிப்பு அடங்கிய பகுதியே ஜீன் அல்லது மரபணு எனப்படும். இத்தகைய ஜீன்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவை இப்புழுவில் காணப்பட்டுள்ளன.

இங்கே மிகவும் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. கண்ணிலும் குடலிலும் தோலிலும் பட்டுச் சுரப்பியிலும் உள்ள உயிரணுக்கள் அனைத்தும் இந்த ஏட்டை முழுமையாகவே வைத்திருக்கின்றன. பட்டுப் புரதத்தின் ஜீன் குடலின் உயிரணுவிலும் இருக்கிறது. ஆயினும் குடல் பட்டைச் சுரப்பதில்லை. ஏடு இருப்பது வேறு. அதிலுள்ள குறிப்பிட்ட பக்கம் திறந்து படிக்கப்படுவது வேறு. ஜீன் வெளிப்படுதல் என்று விஞ்ஞானிகள் கூறுவது இந்தப் படிப்பையே. எந்த உயிரணுவில், எந்த நாளில், எவ்வளவு படிக்கப்பட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஏற்பாடே ஜீன் கட்டுப்பாடு எனப்படும்.

கிராம அதிகாரிகளுக்கு இம்முறை புதிதன்று. நிலத்தின் மூலப் பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை; வேண்டிய சர்வே எண்ணுக்குரிய பகுதியின் நகலே வெளியே தரப்படுகிறது. உயிரணுவிலும் அவ்வாறே. டி.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளிவருவதில்லை. வேண்டிய ஜீனின் நகல் மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளில் எழுதப்பட்டு, இடையிலுள்ள வேண்டாத பகுதி நீக்கப்பட்டு, உட்கருவுக்கு வெளியே அனுப்பப்படுகிறது. இதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இத்தகைய நகல் ஒன்று உண்டு என்பது பாக்டீரியாவில் நிரூபிக்கப்பட்டது 1961ஆம் ஆண்டிலேயே ஆகும். வெளியே ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைகள் இந்நகலை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம் எனக் கணக்கு உண்டு. அமினோ அமிலங்கள் 20 வகை. அவை வரிசைப்படி கோக்கப்பட்டுச் சங்கிலியாகும்போது புரதம் பிறக்கிறது. அமிலங்களைச் சுமந்துவந்து பட்டறையில் சேர்ப்பது வேறு வகைச் சிறிய ஆர்.என்.ஏ.யின் வேலை. இதைச் சுமை ஆர்.என்.ஏ. என்போம்.

பட்டு நூலின் உட்புரதத்திற்கு பைப்ராயின் என்று பெயர். அதன் பெரிய சங்கிலியில் 5,000க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் கிளைசின், அலனின், செரின் என்னும் மூன்று மட்டுமே மிகப் பெரும்பகுதி. இச்சிறிய அமிலங்கள் மாறி மாறி ஒரே ஒழுங்கில் வருவதனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, இழைக்கு வலிமையும் பளபளப்பும் கொடுக்கின்றன.

ஒரே ஜீன், நாலே நாள்

ஒரு புழு நூற்கும் வெண்பட்டு இழை 1,000 மீட்டருக்கு மேல் நீளும். இவ்வளவு புரதத்தை மிகச் சில நாட்களில் உற்பத்தி செய்ய வேண்டுமாயின், சுரப்பியின் உயிரணுவில் பைப்ராயின் ஜீன் மட்டும் ஆயிரக்கணக்காகப் பெருக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் ஊகிக்கப்பட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள கார்னெகி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் யோஷியாகி சுசுகி என்பவரும் டொனால்டு பிரௌன் என்பவரும் 1972ஆம் ஆண்டில் பைப்ராயினின் தூது ஆர்.என்.ஏ.யைத் தனியே பிரித்தெடுத்தனர். பட்டின் அமிலக் கணக்கு எளியதாகையால் அதன் நகல் எப்படியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிந்தது. அதனாலேயே பல்லாயிரம் நகல்களினின்று அதை அடையாளம் காண இயன்றது. அதைக்கொண்டு ஜீனை எண்ணிப் பார்த்ததில் முன் ஊகம் தவறென்று தெரிந்தது. ஒரு தொகுதிக் குரோமோசோம்களுக்கு பைப்ராயின் ஜீன் ஒன்றே. குடலில் எத்தனையோ, சுரப்பியிலும் அத்தனையே.

அங்ஙனமாயின் இத்தனை பட்டு எங்கிருந்து வருகிறது? ஒரு ஜீன் சுமார் நாலு நாட்களில் 10,000 நகல்களை எழுதுவிக்கிறது. அந்நகல்கள் விரைவில் அழியாமல் நிலைத்திருக்கின்றன. ஒவ்வொரு நகலிலிருந்தும் சுமார் 1,00,000 புரதச் சங்கிலிகள் கோக்கப்படுகின்றன. ஆக, ஒரு ஜீனிலிருந்து 100 கோடி பைப்ராயின் மூலக்கூறுகள். இரண்டு படிகளில் நடைபெறும் இப்பெருக்கமே முதல் இரகசியம்.

இரண்டாவது இரகசியம் சுரப்பியின் உயிரணுக்களைப் பற்றியது. பைப்ராயினைச் சுரக்கும் பின்பகுதியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 500 உயிரணுக்களே உள்ளன. புழு முட்டையினுள் கருவாய் இருக்கும்போதே இவ்வெண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பொரித்த பிறகு ஒன்றுகூடக் கூடுவதில்லை. உயிரணு பிளவுபடாமல், உள்ளிருக்கும் ஏடு மட்டும் முழுவதுமாகத் திரும்பத் திரும்ப இரட்டித்து, ஐந்தாம் பருவத்தில் லட்சக்கணக்கான பிரதிகளாகிறது. உட்கரு மரக்கிளைபோல் பரந்து நிற்கிறது. குடியானவர் தட்டில் காண்பது கடைசி வாரத்தில் புழு பருப்பதை மட்டுமே. உள்ளே சுரப்பி, உடல் எடையில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது.

சுமை ஆர்.என்.ஏ.யும் இதற்கேற்பப் பெருகுவது வியக்கத் தக்கது. பட்டுக்கு வேண்டிய மூன்று அமிலங்களைச் சுமப்பவை ஐந்தாம் பருவத்தில் அதே விகிதத்தில் அதிகப்படுகின்றன. கிளைசினைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.க்குப் பட்டுப்புழுவில் பல ஜீன்கள் இருப்பதையும், அவற்றுள் சில மிகுதியாகவும் சில சொற்பமாகவும் படிக்கப்படுவதையும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கே. பி. கோபிநாதன் அவர்களும் அவரது மாணாக்கரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கினர்.

பசையும் இழையும்

கச்சாப் பட்டைச் சாயத்துக்கு முன் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்குவது காஞ்சி நெசவாளர் யாவரும் அறிந்தது. அப்போது எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும். இங்ஙனம் கரைந்துபோவது செரிசின் என்னும் வேறு புரதம். பைப்ராயின் சுரப்பியின் பின்பகுதியில் மட்டும் உண்டாகிறது. செரிசின் நடுப்பகுதியில் மட்டும் உண்டாகிறது. பின்னிருந்து வரும் இழையின்மேல் நடுப்பகுதி பசையைப் பூசி, முன்பகுதி வழியே வாய்க்கு அனுப்புகிறது. ஒரே குழாயில், அடுத்தடுத்த உயிரணுக்களில், அதே ஏடு. ஓரிடத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, அடுத்த இடத்தில் வேறு பக்கம் திறந்திருக்கிறது.

இதைச் செய்வது எது? ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் டி.என்.ஏ.யில் ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலில் பொருந்தக்கூடிய சில கட்டுப்பாட்டுப் புரதங்கள் வந்து அமர்ந்தால்தான் நகல் எழுதும் வேலை தொடங்கும். பின்பகுதி உயிரணுக்களில் அம்புமுனை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் உண்டு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதை நடுப்பகுதியில் செயற்கையாக உண்டாகச் செய்தபோது, பசை மட்டும் சுரக்க வேண்டிய அவ்விடத்தில் பைப்ராயின் ஜீன்களும் திறந்துகொண்டன. இச்செய்தி 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பூட்டு எங்கும் இருக்கிறது. சாவி சிலவிடத்தில் மட்டுமே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காலத்தை நிர்ணயிப்பவை

இனி, குடியானவருக்கு நேரே பயன்படும் பகுதிக்கு வருவோம். இடத்தைப் போலவே காலமும் கட்டுப்படுத்தப்படுகிறது. புழு தோலுரிக்கத் தூங்கும் ஒவ்வொரு முறையும் பைப்ராயின் ஜீன் மூடப்படுகிறது. இருந்த நகல்களும் அழிகின்றன. விழித்துத் தழை தின்னத் தொடங்கியபின் ஜீன் மீண்டும் திறக்கிறது. இதை நடத்துபவை இரத்தத்தில் கலந்து வரும் இரண்டு ஹார்மோன்கள். ஒன்று, தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் தூண்டும் எக்டைசோன். மற்றது, புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன். தோலுரிப்புத் தூண்டுகோல் மார்புப் பகுதியிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வருகிறது என்று ஜப்பானில் புகுடா என்பவர் 1940ஆம் ஆண்டில் பட்டுப்புழுவைக் கொண்டே காட்டினார். ஜெர்மனியில் புட்டனான்டும் கார்ல்சனும் 1954ஆம் ஆண்டில் அதைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். எவ்வளவு அற்பமான அளவு எவ்வளவு பெரிய மாறுதலைச் செய்கிறது என்பதை இக்கணக்கைக் கொண்டு ஊகிக்கலாம். பின்னே கூறப்போகும் மருந்தின் விஷயத்திலும் இதையே நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐந்தாம் பருவத்தின் முதல் நாட்களில் இளமை ஹார்மோன் குறைந்து மறைகிறது. சுரப்பி முழு வேகத்தில் வேலை செய்கிறது. இறுதியில் எக்டைசோன் பெருகும்போது புழு தழையை விட்டு, தலையைத் தூக்கி, கூடு கட்ட இடம் தேடுகிறது. பட்டு ஜீன்களும் படிப்படியாக மூடப்படுகின்றன. இடைப்பட்ட ஆறு, ஏழு நாட்களே பட்டு விளையும் காலம். புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இப்பருவத்திலேயே தின்கிறது. பட்டுப் புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு மல்பெரித் தழையின் புரதத்திலிருந்து நேரே வருவது. ஆகவே நகல் எத்தனை இருந்தபோதிலும், கோக்க வேண்டிய அமிலம் தழையில் வராவிடில் பட்டறை நின்றுபோகும். முற்றிய தழையையும் வாடிய தழையையும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நாலாம் பருவம் வரை மிச்சப்படுத்திய செலவு அவ்வாரத்தில் பன்மடங்காகப் போய்விடும். வெயிலும் அவ்வாறே. ஐந்தாம் பருவத்துக்கு 24 முதல் 25 டிகிரி உகந்தது. சூடு மிகும்போது உயிரணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வேறு புரதங்களைச் செய்வதில் முனைகின்றன. பட்டுக்குரிய வேலை பின்தங்குகிறது. கோடையில் ஓட்டுக் கூரைமேல் கீற்றுப் பரப்புவதும், ஜன்னலுக்கு ஈரச்சாக்குக் கட்டுவதும் அற்பச் செலவே.

புழுக்கள் ஒரே சமயத்தில் பழுத்து, எளிதில் வலைத்தட்டில் விடுவதற்காகத் தாவரங்களினின்று எடுத்த எக்டைசோன் இனத்துப் பொருளைத் தழையில் தெளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பரவியுள்ளது. ஆள் கூலி மிகுந்துள்ள இக்காலத்தில் அது உதவியே. ஆனால் அவசரப்பட்டு ஒரு நாள் முன்னதாகத் தெளிப்பவர், இன்னும் திறந்திருக்க வேண்டிய ஜீனைத் தம் கையாலேயே மூடியவராவர். தட்டில் ஒரு சில புழுக்களாவது இயல்பாகப் பழுத்து, உடல் கண்ணாடிபோல் தெளிந்து, தலை தூக்குவதைக் கண்ட பின்னரே தெளிக்க வேண்டும். முந்தினால் கூடுகள் ஒருங்கே வரும், எடைதான் வராது.

கூடு கட்டாத புழு

இளமை ஹார்மோனின் கதை இதற்கு எதிர்மறையானது. அதன் செயலைப் போலச் செய்யும் செயற்கைப் பொருள்கள் உண்டு. மிக மிகச் சிறிய அளவில் ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் கொடுத்தால், புழு ஓரிரு நாள் அதிகமாகத் தின்று சற்றுப் பெரிய கூடு கட்டும் என்று ஜப்பானில் கண்டனர். அளவு மிஞ்சினாலோ, காலம் தவறினாலோ, புழு என்றும் புழுவாகவே நின்றுவிடும்; எக்டைசோன் உரிய நேரத்தில் எழாது; சுரப்பியும் கெடும்.

இப்பொருள்களே இப்போது பூச்சிமருந்துகளாகவும் விற்கப்படுகின்றன. பருத்தியில் வெள்ளை ஈயை அடக்கத் தெளிக்கும் பைரிபிராக்சிபென் இவ்வகையைச் சேர்ந்தது. மனிதருக்கும் கால்நடைக்கும் இதனால் வரும் தீங்கு பழைய மருந்துகளினும் குறைவு என்பது உண்மை. பருத்தி விவசாயி அதை விரும்புவதில் பிழையில்லை. ஆனால் பக்கத்து வயலில் மல்பெரி இருக்குமாயின், காற்றில் மிதந்து வந்து படியும் சொற்பத் துளியே போதும். வட இத்தாலியில் 1980களின் இறுதியில் தொடங்கி, பழத்தோட்டங்களுக்குத் தெளிக்கப்பட்ட பெனாக்சிகார்ப் என்னும் இதே இனத்து மருந்து மல்பெரித் தழையில் படிந்து, நூற்றாண்டுகளாக நடந்துவந்த பட்டுப்புழு வளர்ப்பைப் பெரிதும் நலியச் செய்தது.

இதில் வஞ்சகமானது எதுவெனின், சாதாரண விஷம் படிந்த தழையைத் தின்ற புழு சில மணி நேரத்தில் வாந்தியெடுத்து, துவண்டு விழும். வளர்ப்பவர் உடனே தழையை மாற்றுவார். இம்மருந்து அவ்வாறு காட்டிக்கொடுப்பதில்லை. புழு கொல்லப்படுவதில்லை, ஜீனின் காலக் கணக்கு மட்டுமே கலைக்கப்படுகிறது. சந்தேகமான தழையைப் பத்துப் புழுக்களுக்கு ஒரு நாள் கொடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை இதற்குப் பயன்படாது. அவை மறுநாளும் நன்றாகவே இருக்கும்.

கூடு கட்டாமை வேறு காரணங்களாலும் வரலாம் என்பதை மறக்கலாகாது. தோல் பளபளத்து, கணுக்கள் வீங்கி, காலை ஒடித்தால் பாலைப் போன்ற நீர் கசியுமாயின் அது வைரஸ் நோய். அந்த வைரஸ், புழுவின் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள பட்டறைகளைத் தன் புரதத்தைச் செய்யுமாறு ஏவுகிறது. வெண்ணீரில் மிதக்கும் படிகங்கள் அப்புரதமே. 1985ஆம் ஆண்டில் மாயேதா என்பவரும் அவரது கூட்டத்தாரும் இதே வைரஸில் மனித ஜீன் ஒன்றைச் சேர்த்து, புழுவின் உடலில் இன்டர்பெரான் என்னும் மருந்தை விளைவித்தனர் என்பது இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. மருந்துச் சாரலால் வரும் கேட்டில் பால்நீர் இராது. தோல் இயல்பாயிருக்கும், உடல் பெருத்திருக்கும், பருவம் நாட்கணக்கில் நீண்டுகொண்டே போகும். ஒரே முட்டைத்தொகுதியை வாங்கிய மற்ற வீடுகளில் புழுக்கள் ஒழுங்காகக் கூடு கட்டியிருந்தால், முட்டையில் குற்றமில்லை என்று கொள்ளலாம். ஒரே தோட்டத்தில், பருத்தியை அடுத்த ஓரத்து வரிசைகளில் பறித்த தழையைத் தின்ற தட்டுகளில் மட்டும் கேடு நேர்ந்திருந்தால், காரணம் ஏறக்குறைய வெளிப்பட்டதாகும்.

மல்பெரித் தோட்டம் புதிதாக வைப்போர் பருத்தி, கத்தரி, மிளகாய் ஆகிய பயிர்களையொட்டி வைக்காதிருத்தல் நலம். வேறு இடமில்லாதோர் எல்லையில் அகத்தியையோ சோளத்தையோ நெருங்க விதைத்து மறைப்பு உண்டாக்கலாம். தெளிக்கும் குடியானவர் காற்றில்லாத காலை வேளையில், அடுத்த வயல்காரரிடம் முன்னதாகச் சொல்லித் தெளிப்பாராயின் அவர் ஐந்தாம் பருவத்துத் தழையைத் தோட்டத்தின் மறுபக்கத்தினின்று பறித்துக்கொள்வார். வழக்கு வந்தபின் விசாரிக்கும் கிராம நிர்வாக அலுவலர், முட்டை வாங்கிய தேதி, நாலாம் தூக்கம் தெளிந்த தேதி, அண்டை வயலில் தெளித்த மருந்தின் பெயர், தெளித்த தேதி, அன்றைய காற்றின் திசை ஆகியவற்றை இரு தரப்பாரிடமும் எழுதி வாங்கிக்கொள்வது உசிதம். ஓரத்து வரிசைத் தழையில் கொஞ்சமும் நடு வரிசைத் தழையில் கொஞ்சமும் தனித்தனி உறையிலிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பட்டு வளர்ச்சித் துறையின் அலுவலரிடம் அன்றே சேர்ப்பித்தால் பரிசோதனைக்கு அனுப்ப இயலும். நாள் கடந்து அனுப்பும் வாடிய தழையைக் கொண்டு எதையும் நிச்சயிக்க முடிவதில்லை.